சாப்பாடு விற்ற காசில் ஓடிய கார்கள்: ஜார்ஜியா கில்மோர்

கேள்வி: எங்கள் பகுதியில் பல வருடங்களாக வீட்டிலேயே சமைத்துச் சாப்பாடு கொடுத்தும், விசேஷங்களுக்கு ஆர்டர் எடுத்தும் வந்த ஒரு அக்கா சமீபத்தில் காலமானார். அவரைப் பற்றி ஒரு நினைவுக் கட்டுரை எழுத ஆசை. உட்கார்ந்தால் 'கைமணம்', 'அன்னபூரணி', 'பசி என்று வந்தவரைத் திருப்பி அனுப்பாதவர்' என்பதைத் தாண்டி எதுவும் வர மாட்டேன் என்கிறது. இப்படி ஊருக்குச் சமைத்துப் போட்ட ஒரு பெண்ணை வரலாறு எங்காவது நினைவில் வைத்திருக்கிறதா? வைத்திருந்தால், அவரைப் பற்றி எதை எழுதுகிறார்கள்?

பதில்:

அக்காவின் மறைவுக்கு என் ஆறுதலைச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு பகுதியே வாங்கிச் சாப்பிட்ட கை நின்றுபோவது சின்ன இழப்பு இல்லை.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் ஜார்ஜியா கில்மோர். அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தின் தலைநகரான மாண்ட்கமரியில் வாழ்ந்த கறுப்பினப் பெண். 1920-ல் பிறந்து 1990-ல் இறந்தார். தொழில்முறைச் சமையல்காரி, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, ஆறு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவர். 1955-56-ல் அந்த ஊரில் நடந்த பேருந்துப் புறக்கணிப்புதான் மார்ட்டின் லூதர் கிங்கை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. அந்தப் போராட்டத்தின் செலவில் ஒரு பங்கை கேக்கும் கோழி வறுவலும் விற்று வாரம் தவறாமல் கொடுத்தவர் கில்மோர்.

வரலாறு அவரை மறக்கவில்லை. ஆனால் பல இடங்களில் 'கிங்குக்குச் சமைத்துப் போட்ட அம்மா' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பெரிய மனசு, ருசியான கை, அன்பான தாய் என்று எழுதுகிறார்கள். உங்கள் அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது உங்களுக்கு வந்த அதே மூன்று சொற்கள்தான். அவை பொய்யில்லை, போதாதவை. கில்மோர் சாப்பாட்டை விற்றார். காசு வாங்கிக்கொண்டு விற்றார். அவர் செய்ததன் வலு முழுக்க அந்த விற்பனையில் இருக்கிறது என்பது என் கருத்து. அதனால் அந்தக் காசு எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஊர். அன்றைய மாண்ட்கமரியில் சுமார் 70,000 வெள்ளையர்களும் 50,000 கறுப்பினத்தவர்களும் இருந்தார்கள். 1950 கணக்குப்படி வெள்ளையரின் ஆண்டு வருமானம் இடைநிலையில் 1,732 டாலர், கறுப்பினத்தவருடையது 970 டாலர். வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் 63 சதவீதம் பேர் வீட்டு வேலை செய்பவர்கள். இந்தக் கணக்குகளைப் போராட்டத்தைப் பற்றிய தன் புத்தகத்தில் கிங்கே தருகிறார். 63 சதவீதம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு அறுபத்து மூன்று பெண்கள் காலையில் பஸ் ஏறி வெள்ளையர் வீட்டுக்குப் போய், சமைத்து, துவைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மாலையில் பஸ் ஏறித் திரும்பினார்கள். பஸ்ஸில் ஏறும் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் கறுப்பினத்தவர்கள். முன்னால் உள்ள 10 இருக்கைகள் வெள்ளையருக்கு. அவை காலியாக இருந்தாலும் உட்காரக் கூடாது. அதற்கும் மேல் ஒரு கொடுமை உண்டு: முன்கதவில் ஏறிக் காசு போட வேண்டும், பிறகு இறங்கி, வெளியே நடந்து போய், பின்கதவில் ஏற வேண்டும்.

1955 அக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கில்மோர் பஸ்ஸில் ஏறிக் காசைப் போட்டார். ஓட்டுநர் அவரைத் திட்டி, இறங்கிப் பின்பக்கம் ஏறச் சொன்னார். அவர் இறங்கினார். பின்கதவை எட்டுவதற்குள் பஸ் கிளம்பிப் போய்விட்டது. காசும் போனது, பஸ்ஸும் போனது. இது அங்கே பலருக்கும் நடந்துகொண்டிருந்த ஒன்றுதான். கில்மோர் அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தார், இனி பஸ்ஸில் ஏறுவதில்லை என்று. பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானது அந்த வருடம் டிசம்பர் 1-ல். ஊரே புறக்கணிப்பைத் தொடங்கியது டிசம்பர் 5-ல். அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் முன்பே இந்தப் பெண் தன்னந்தனியாக நடக்கத் தொடங்கியிருந்தார். யாரும் சொல்லி அவர் இதில் சேரவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

டிசம்பர் 5 இரவு ஹோல்ட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் சர்ச்சில் பெரிய கூட்டம். ஆயிரக்கணக்கானவர்கள், உள்ளே இடமில்லாமல் தெருவில் நின்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். 26 வயது கிங் பேசினார். புறக்கணிப்பை நடத்த மாண்ட்கமரி மேம்பாட்டுச் சங்கம் உருவாகியிருந்தது. இந்தக் கூட்டங்களுக்கு வருகிறவர்களில் பலர் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு நேராக வருகிறவர்கள், பசியோடு வருகிறவர்கள். கில்மோரும் சில தோழிகளும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 14 டாலர் சேர்த்தார்கள். கோழி, ரொட்டி, லெட்யூஸ் கீரை வாங்கினார்கள். கோழியை வறுத்து ரொட்டிக்கு நடுவே வைத்துக் கூட்டத்தில் விற்றார்கள். கிடைத்த லாபத்தைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். முதலீடு 14 டாலர், சரக்கு அவர்கள் கைத்திறன், வாடிக்கையாளர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து முழுச் சாப்பாடு, பை (மாவுக்குள் பழமோ கிழங்கோ வைத்துச் சுடும் இனிப்பு), கேக் என்று வியாபாரம் வளர்ந்தது.

இந்தப் பெண்கள் கூட்டத்துக்கு கில்மோர் வைத்த பெயர் 'கிளப் ஃப்ரம் நோவேர்'. எங்கிருந்தும் வராதவர்களின் கிளப் என்று சொல்லலாம். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று பதில் சொல்லலாம், அது பொய்யும் ஆகாது.

ஏன் இந்த மறைப்பு? அந்த 63 சதவீதம்தான் காரணம். கேக் சுட்ட பெண் பகலில் வெள்ளையர் வீட்டில் வேலை பார்க்கிறவள். புறக்கணிப்புக்கு நன்கொடை கொடுத்தாள் என்று தெரிந்தால் வேலை போகும். வீட்டு வாடகை வாங்குகிறவர் வெள்ளையராக இருந்தால் வீடும் போகும். கிங்கின் வீட்டில் 1956 ஜனவரி 30-ல் வெடிகுண்டு வீசினார்கள். இரண்டு நாள் கழித்து போராட்டத்தின் இன்னொரு தலைவரான ஈ.டி. நிக்சன் வீட்டிலும் வீசினார்கள். அப்படி ஒரு ஊரில், சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தவர் பட்டியலில் பெயர் வருவது உயிரோடு விளையாடுவது.

கேக் சுடுவதில் அந்த ஆபத்து இல்லை. தன் வீட்டு அடுப்பில் ஒரு பெண் ஒரு பை சுட்டால் யார் என்ன கேட்க முடியும்? அது அழகு நிலையத்துக்கும் டாக்ஸி ஸ்டாண்டுக்கும் சலவைக் கடைக்கும் போனது. அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்ததில் கூர்மையான யோசனை இருக்கிறது. கறுப்பினப் பெண்களுக்கான அழகு நிலையத்தை நடத்தியவர் ஒரு கறுப்பினப் பெண், வந்தவர்கள் கறுப்பினப் பெண்கள். அங்கே வெள்ளை முதலாளி கிடையாது, எட்டிப் பார்க்கும் வெள்ளைக் கண்ணும் கிடையாது. ஒரு துண்டு கேக் வாங்குகிறவரும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அவர் பசிக்கு ஏதோ வாங்கினார், அவ்வளவுதான். வெள்ளையர்களில் சிலர்கூட வாங்கினார்கள், சிலர் காசு எங்கே போகிறது என்று தெரிந்தே வாங்கினார்கள். யார் சுட்டது, யார் வாங்கியது, யார் எவ்வளவு கொடுத்தது என்ற முழு விவரமும் கில்மோர் ஒருவருக்குத்தான் தெரியும்.

இதையே நன்கொடையாகக் கேட்டிருந்தால் பயந்தவர்கள் கொடுத்திருக்க மாட்டார்கள், இல்லாதவர்களால் கொடுக்க முடிந்திருக்காது. விற்பனை என்று ஆனதும் இருவருக்கும் வழி பிறந்தது. கையில் காசில்லாத பெண் தன் உழைப்பைப் போட்டாள். காசிருந்தும் துணிச்சல் இல்லாதவர் சாப்பாட்டு விலையைப் போட்டார். ஒரு அரசியல் இயக்கத்தில் இதைவிட நேர்த்தியாக வடிவமைத்த நிதி ஏற்பாட்டை நான் அதிகம் படித்ததில்லை. அதைச் செய்தது ஒரு பொருளாளரோ வழக்கறிஞரோ இல்லை, பகல் முழுக்க நேஷனல் லஞ்ச் கம்பெனியின் அடுப்பில் நின்ற ஒரு சமையல்காரி.

பணம் எங்கே போனது? 381 நாள் ஊர் நடந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நடந்ததும் உண்மை. ஆனால் தினமும் பல மைல் தள்ளி வேலைக்குப் போகிற வயதான பெண்கள் எல்லோரும் 381 நாள் நடந்திருக்க முடியாது. முதலில் கறுப்பின டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றிக்கொண்டார்கள். நகராட்சி, டாக்ஸியின் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய விதியைத் தூசிதட்டி எடுத்தது. உடனே சங்கம் சுமார் 300 கார்களை வைத்து ஒரு போக்குவரத்தையே நடத்தியது, ஏறும் இடம் இறங்கும் இடமெல்லாம் குறித்துக் கொடுத்து. பிறகு சர்ச்சுகளின் பெயரில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கினார்கள். பக்கவாட்டில் சர்ச்சின் பெயர் எழுதிய அந்த வண்டிகளை உருளும் சர்ச்சுகள் என்று ஊர் அழைத்தது.

இத்தனை வண்டிகளுக்கும் பெட்ரோல் வேண்டும், டயர் வேண்டும், ரிப்பேர் செலவு வேண்டும். உள்ளூர்க் காப்பீட்டு நிறுவனங்கள் பாலிசிகளை ரத்து செய்துகொண்டே இருந்தன, கடைசியில் லண்டனின் லாயிட்ஸ் மூலம் காப்பீடு எடுத்தார்கள். கில்மோரின் கிளப் வாரத்துக்கு 125 முதல் 200 டாலர் வரை கொண்டுவந்து கொடுத்தது. அன்று ஒரு கேலன் பெட்ரோல் சுமார் 30 சென்ட். 150 டாலர் என்றால் 500 கேலன். இப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் ஒரு கேக்கின் எடை தெரியும். போராட்டத்தின் மொத்தச் செலவையும் இந்தப் பெண்களே தாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. வெளியூர்ச் சர்ச்சுகளிலிருந்தும் அமைப்புகளிலிருந்தும் பெரிய தொகைகள் வந்தன. ஆனால் அவை செய்தித்தாளில் பெயர் வந்த பிறகு வந்தவை. முதல் நாள் இரவே வரத் தொடங்கி, வாராவாரம் வந்தது உள்ளூர் அடுப்பின் காசு.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்தப் பணத்தைக் கொடுக்கும் முறையும் அழகானது. கில்மோர் சர்ச்சின் நடுப்பாதையில் பாடிக்கொண்டே நடந்து வருவார். தட்டில் பணத்தைப் போட்டு இந்த வாரம் இவ்வளவு என்று அறிவிப்பார். கூட்டம் எழுந்து காலைத் தட்டும், கைதட்டும். ஊரின் மேற்குப் பக்கத்தில் ஐனெஸ் ரிக்ஸ் என்ற பெண் 'ஃப்ரெண்ட்லி கிளப்' என்று ஒன்றைத் தொடங்கினார். யார் அதிகம் கொண்டுவருவது என்று இரண்டு கிளப்புக்கும் போட்டி. அந்தக் கூட்டங்களுக்குக் களைத்துப்போய் வந்தவர்களுக்கு இந்தப் போட்டி ஒரு கொண்டாட்டம். நீண்ட போராட்டத்துக்குச் சிரிப்பும் தேவைப்படுகிறது, அதையும் சேர்த்துத்தான் இந்தப் பெண்கள் கொடுத்தார்கள்.

1956 பிப்ரவரியில் அலபாமா அரசு ஒரு பழைய சட்டத்தைக் கையில் எடுத்தது. காரணமின்றி ஒரு தொழிலைப் புறக்கணிப்பது குற்றம் என்னும் 1921-ம் ஆண்டுச் சட்டம். 80-க்கு மேற்பட்டோர் மீது குற்றம் சாட்டினார்கள், முதலில் கிங்கை மட்டும் விசாரித்தார்கள். காரணம் இருந்தது என்று நிரூபிக்க, பஸ்ஸில் அவமானப்பட்டவர்கள் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. மார்ச் மாதம் கில்மோர் சாட்சிக் கூண்டில் ஏறினார். அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பஸ் கம்பெனி காசை எண்ணும்போது எது கறுப்பரின் காசு, எது வெள்ளையரின் காசு என்று அவர்களுக்குத் தெரியாது என்ற பொருளில் அவர் சொன்ன ஒரு வாக்கியம் நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. காசோடு தினமும் புழங்குகிற ஒருவருக்குத்தான் இந்த வாதம் தோன்றும்.

கிங்குக்கு 500 டாலர் அபராதமும் வழக்குச் செலவும் விதித்தார்கள். சாட்சி சொன்ன கில்மோருக்கு வேலை போனது. பெயர் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டதால் வேறு இடத்தில் வேலை கிடைப்பதும் கஷ்டம். ஆறு பிள்ளைகள்.

கிங் அவரிடம் சொன்ன யோசனை, நீங்களே சொந்தமாகத் தொடங்குங்கள் என்பது. சொன்னதோடு நிற்காமல், பாத்திரம் பண்டம் வாங்கப் பணமும் கொடுத்தார். டெரிகோட் தெருவில் இருந்த தன் வீட்டிலேயே கில்மோர் சாப்பாடு போடத் தொடங்கினார். நம்மூரில் வீட்டு முன்னறையில் நாலு பெஞ்சு போட்டு நடத்தும் மெஸ் இருக்கிறதே, ஏறத்தாழ அதுதான். விடியற்காலை மூன்று, நாலு மணிக்கே எழுந்து அடுப்பை மூட்டுவார். மதியத்துக்குள் கோழி வறுவல், உள்ளே மசாலா அடைத்த பன்றி இறைச்சித் துண்டு, இறைச்சி அடைத்த குடைமிளகாய், காலர்ட் கீரை, காராமணி, உருளைக்கிழங்கு சாலட், சீஸ் போட்ட மக்ரோனி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை எல்லாம் தயாராகிவிடும். உட்கார இடம் கிடைத்தவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், கிடைக்காதவர்கள் நின்றுகொண்டே சாப்பிடுவார்கள், சிலர் கட்டிக்கொண்டு போவார்கள். விசேஷங்களுக்கும் கூட்டங்களுக்கும் ஆர்டர் எடுத்துச் சமைத்தும் அனுப்பினார்.

அங்கே யார் சாப்பிட்டார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பக்கத்திலேயே இருந்த அலபாமா ஸ்டேட் கல்லூரியின் பேராசிரியர்கள், வழக்கறிஞர்கள், டாக்ஸி ஓட்டுநர்கள், கூலி வேலை செய்பவர்கள், பாதிரியார்கள். வெள்ளையர்களும் வந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே ஓட்டலில் சேர்ந்து உட்கார முடியாத ஊரில், இந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கிங்கின் வீடும் அருகில்தான். வெளியே நம்பிப் பேச முடியாத விஷயங்களைப் பேச அவர் ஆட்களை இங்கே அழைத்துவந்தார். கில்மோர் யாருக்கும் பயப்படாதவர், பெரிய உருவம், வாயும் பெரிது என்று அவரைத் தெரிந்தவர்கள் நினைவுகூர்கிறார்கள். பட்டம் பெற்றவரோ பாதிரியாரோ, வம்பு செய்தால் அவர் நாக்கிலிருந்து தப்ப முடியாது.

இங்கே ஒரு ஒப்பீட்டைச் சொல்லியே ஆக வேண்டும். ரோசா பார்க்ஸ் தையல் வேலை பார்த்த டிபார்ட்மென்ட் ஸ்டோரில் 1956 ஜனவரியில் வேலையை இழந்தார். வேறு வேலை கிடைக்காமல், மிரட்டல்களும் ஓயாமல், 1957-ல் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய் டெட்ராய்ட்டில் குடியேறினார். புறக்கணிப்பு அழைப்பை ஒரே இரவில் பல்லாயிரம் துண்டறிக்கைகளாக அச்சடித்த ஜோ ஆன் ராபின்சன், அலபாமா ஸ்டேட் கல்லூரி ஆசிரியை. அரசு கொடுத்த நெருக்கடியில் 1960-ல் வேலையை விட்டு அவரும் ஊரைவிட்டுப் போனார். கில்மோர் போகவில்லை. இன்னும் 34 வருடம் அதே ஊரில் வாழ்ந்தார். அவர் மற்ற இருவரைவிடத் தைரியசாலி என்பது இதன் பொருள் இல்லை, மூவருமே அசாத்தியமான பெண்கள். மற்ற இருவரின் சம்பளம் வேறு ஒருவர் கையில் இருந்தது. கில்மோரின் சம்பளம் அவர் அடுப்பில் இருந்தது. அவரை வேலையைவிட்டு நீக்க யாராலும் முடியாது, ஏனென்றால் அவருக்கு முதலாளி இல்லை. அவர் சாப்பாட்டை இலவசமாகப் போட்டிருந்தால் இந்தச் சுதந்திரம் அவருக்கு வாய்த்திருக்காது.

புறக்கணிப்பு எப்படி முடிந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956 நவம்பர் 13-ல், கார் போக்குவரத்தையே தடை செய்யக் கோரி நகராட்சி போட்ட வழக்கு உள்ளூர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தபோது, பஸ்ஸில் இனப் பிரிவினை செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்த செய்தி வந்தது. பிரிவினைக்கு எதிரான அந்த வழக்கை நடத்தியது நான்கு பெண்களின் பெயரில்: அரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித். உத்தரவு கைக்கு வர டிசம்பர் 20 ஆனது. மறுநாள் எல்லோரும் முன்கதவில் ஏறினார்கள்.

கில்மோர் அதோடு நிற்கவில்லை. இது பலருக்குத் தெரியாத பகுதி. 1957-ல் அவர் மகன் மார்க், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த ஓக் பார்க் வழியாகக் குறுக்கே நடந்து போனதற்காகப் போலீசாரிடம் அடிபட்டுக் கைதானார். அடுத்த வருடக் கடைசியில் கில்மோரும் வேறு சிலரும் நகராட்சி மீது வழக்குப் போட்டார்கள். 1959-ல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பூங்காக்களைப் பொதுவாகத் திறப்பதற்குப் பதில், நகராட்சி எல்லாப் பூங்காக்களையும் எல்லோருக்கும் மூடி வைத்திருந்தது, 1965 வரை. பிறகு வெள்ளைப் பிள்ளைகளை மட்டும் சேர்க்கும் தனியார் பள்ளிகளுக்கு நகராட்சி மைதானங்களை ஒதுக்கிக் கொடுக்கும் தந்திரம் வந்தபோது, அதே வழக்கு மீண்டும் உயிர்பெற்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1974-ல் வந்த 'கில்மோர் எதிர் மாண்ட்கமரி நகரம்' என்ற தீர்ப்பை அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். தீர்ப்பின் தலைப்பில் இருப்பது ஒரு மெஸ் நடத்திய பெண்ணின் பெயர். நகராட்சியை எதிர்த்து இத்தனை வருடம் வழக்கு நடத்த, நகராட்சிக்கும் அதன் செல்வாக்குள்ளவர்களுக்கும் கட்டுப்படாத ஒரு வருமானம் வேண்டியிருந்தது என்பதை இங்கேயும் கவனியுங்கள்.

1990 மார்ச்சில், செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு நடந்த வாக்குரிமை ஊர்வலத்தின் 25-ம் ஆண்டு நிறைவு. நினைவு நடைக்கு வருகிறவர்களுக்காகக் கில்மோர் கோழியும் மக்ரோனியும் சமைத்தார். அந்தச் சமயத்திலேயே இறந்துபோனார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவர் சமைத்து வைத்திருந்ததையே குடும்பத்தார் பரிமாறினார்கள். 1995-ல் அவர் வீட்டின் முன் நினைவுப் பலகை வைத்தார்கள். நியூயார்க் டைம்ஸ் அவருக்கு இரங்கல் கட்டுரை எழுதியது 2019-ல், தான் எழுதத் தவறியவர்களுக்காக அது நடத்தும் வரிசையில். 29 வருடத் தாமதம்.

இப்போது உங்கள் அக்காவுக்கு வருகிறேன். கில்மோரைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம், அவர் நீதிமன்றத்தில் பேசியது பதிவானது, பின்னாளில் வரலாற்று ஆவணப்படத்துக்காக அவரிடம் பேட்டி எடுத்தார்கள், 14 டாலர், வாரத்துக்கு 125 முதல் 200 டாலர் என்று தொகைகளை யாரோ நினைவில் வைத்துச் சொன்னார்கள். ருசியைப் பற்றிய புகழ்ச்சி மட்டும் மிஞ்சியிருந்தால் அவர் கிங்கின் வாழ்க்கைக் கதையில் ஒரு வரியாகவே நின்றிருப்பார்.

அதனால் காசைப் பற்றிக் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், அது மரியாதைக் குறைவு ஆகாது. அக்கா முதன்முதலில் யாருக்கு, என்ன விலைக்குச் சமைத்துக் கொடுத்தார்? முதல் பெரிய பாத்திரம் வாங்கப் பணம் எப்படி வந்தது, நகையை வைத்தாரா, சீட்டு எடுத்தாரா? சாப்பாட்டு விலையை எப்போது ஏற்றினார், ஏற்றத் தயங்கினாரா? கடன் சொன்னவர்களின் கணக்கை எங்கே எழுதி வைத்தார், எதைத் திருப்பிக் கேட்கவே இல்லை? வந்த வருமானம் என்ன செய்தது: யாருடைய படிப்பு, எந்த வீட்டு வாடகை, யாருடைய கல்யாணம்? வருமானம் கையில் இருந்ததால் வாழ்க்கையில் யாரிடம் 'முடியாது' என்று அவரால் சொல்ல முடிந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தாலும் உங்கள் கட்டுரை அன்னபூரணியைத் தாண்டிவிடும்.

அப்புறம், யார் வீட்டுக்கு அவர் சமைத்தார், யார் வீட்டில் அவரைக் கூப்பிடவில்லை, யார் சாப்பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திண்ணையிலேயே நிறுத்திவைத்தார்கள் என்றும் கேளுங்கள். நம் ஊர்களில் சமையல் என்று வந்தால் இந்தக் கேள்வி இல்லாமல் இருக்காது. பதில் கசப்பாக இருந்தால், குடும்பத்தார் சம்மதத்தோடு எழுதுங்கள். அவர்களுக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். கிளப் ஃப்ரம் நோவேரில் கேக் சுட்ட பெண்களில் பெரும்பாலோரின் பெயர் இன்றைக்கு நமக்குத் தெரியாது. அவர்கள் வேலையையும் உயிரையும் காப்பாற்ற கில்மோர் அந்தப் பெயர்களை மறைத்தார், அது சரியான முடிவு. உங்கள் அக்காவோடு வெங்காயம் உரித்தவர், அண்டாவைத் தூக்கியவர், தேங்காய் துருவியவர், கல்யாண மண்டபத்தில் இரவெல்லாம் அடுப்பருகே விழித்திருந்தவர் ஆகியோரின் பெயர்களை மறைக்க அப்படி எந்தக் காரணமும் இருக்காது என்று நம்புகிறேன். அவர்கள் இப்போது அக்கம்பக்கத்தில்தான் இருப்பார்கள். போய்ப் பாருங்கள். அவர்களுக்கு என்ன சம்பளம் கிடைத்தது, அக்காவிடம் எதைக் கற்றுக்கொண்டார்கள், இப்போது அவர்களில் யாராவது சொந்தமாக ஆர்டர் எடுக்கிறார்களா என்று கேளுங்கள். பெயர் போடலாமா என்று கேட்டு, சரி என்றால் போடுங்கள். நூறு பேர் சாம்பாருக்கு எவ்வளவு பருப்பு என்ற அளவும் அவர்களிடம்தான் இருக்கும். எழுதி முடித்ததும், வெளியிடும் முன், அவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். விலையும் அளவும் ஆண்டும் எங்கே தவறியிருந்தாலும் அங்கேயே திருத்திக் கொடுத்துவிடுவார்கள்.